பிலோ அக்காவின் பிளக் வயர்

பிலோமினா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில். ஹார்ட்...

கஹவத்தை கார் ஸ்டாண்டில் நியூஸ் கேட்டதும் ஒருவர் சொன்னார்: "பாவந்தான். ஆனா சரியான திமிரு புடிச்ச பொம்பள."

ஆமாம். திமிர்தான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடலாம்.

தெரியாதவர்களுக்கு... அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். வாடகைக்கு ஹயர் கார் ஓட்டிய கணவர் செத்ததும் எல்லாரும் "கார வித்துருங்க" என்றார்கள். அக்கா லைசன்ஸ் எடுத்தார். அந்தப் பழைய ஜப்பான் காரைக் கொண்டுவந்து ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"எல்லாருக்கும் கடைசில போடுங்க" என்றார்கள் ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள்.

"வந்த வரிசையிலதான் நிப்பேன்" என்றார். நின்றார். பதினோரு வருஷம்.

டவுனில் கராஜ் வைத்திருக்கும் நான்தான் அந்தக் காருக்கு மெக்கானிக். ஒருநாள் வந்து, "மழை பேஞ்சா வண்டி நடுங்குது தம்பி. ஏத்தத்துல நின்னுருது" என்றார்.

பொனட்டைத் திறந்தேன். நல்ல வெயில். என்ஜின் அழகாக ஓடியது. "ஒண்ணும் இல்லையேக்கா."

"மழையில பாருங்க."

"மழைக்கு நான் எங்கக்கா போறது?"

மறுநாள் அவரே கொண்டுவந்தார். துணி அயர்ன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தல். "ஷட்டர இழுத்து விடுங்க" என்றார். கராஜ் இருட்டானது. ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் பிளக் வயர்கள் மேல் பனி மாதிரித் தெளித்தார்.

நீலமாக ஓடியது... வயரிலிருந்து என்ஜினுக்குச் சின்னச் சின்ன மின்னல். என்ஜின் இருமியது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் வழியிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் நான். கண்டுபிடித்தது அக்கா.

சாதாரண வயர் வேண்டாம், தடித்த சிலிக்கன் வயர்தான் வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு. "இது கம்பெனியில வந்த மாதிரியே இருக்கிற ஸ்டாக் என்ஜின்க்கா. எந்த வயர் போட்டாலும் பவர் ஒரு சொட்டு கூடாது. ரேஸுக்கா போறீங்க?"

"பவர் யாரு கேட்டா? தண்ணி பட்டாலும் நிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

ஸ்பெயார்பார்ட்ஸ் கடை முதலாளியும் சிங்களத்தில் அதையே கேட்டார். "மே பரண கார் எகட்டத, அக்கே?" இந்தப் பழைய காருக்கா?

"கார் எக பரணய். வெஸ்ஸ பரண நே." கார்தான் பழசு, மழை பழசில்லை... முதலாளி பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னார். நான் கேட்கவில்லை. நாலையும் ஒரே இழுப்பில் கழற்றி, அவசரத்தில் இரண்டை இடம் மாற்றி மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் பண்ணினால்... டமார்! பக்கத்துக் கடைக்காரர் வெளியே ஓடிவந்தார்.

"இதுக்குத்தான் சொன்னேன். இன்னொண்ணு, எக்ஸோஸ்ட்ல படாம கிளிப் போடுங்க. சும்மா தொங்கவிட்டா உருகிரும்."

"நீங்களே ஒரு கராஜ் போடுங்கக்கா."

"போட்டா நீங்க எங்க போவீங்க?"

நான் சொன்ன மாதிரியே பவர் கூடவில்லை. அதை ஸ்டாண்டில் போய் நானே சொல்லிச் சிரித்தேன். அதோடு அந்தக் காருக்கு 'ரேஸ் கார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அக்கா ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் கராஜுக்கு போன் கோல் வந்தது. தோட்டத்து மேல் டிவிஷனில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் தங்கச்சி விஜியைப் பாம்பு கடித்துவிட்டது. தோட்டத்து லொறி பக்டரிக்குப் போயிருக்கிறதாம், வரும்வரை இருக்கட்டுமாம்.

ஸ்டாண்டுக்கு ஓடினேன். முதல் இரண்டு பேர், "அந்த ரோட்டுலயா? இந்த மழைக்கா? வண்டி நடு வழில நின்னுரும்" என்றார்கள். மூன்றாவதாக நின்ற கார் அதற்குள் ஸ்டார்ட் ஆகியிருந்தது.

"ஏறுங்க தம்பி."

தோட்டத்து கேட்டில் காவல் நின்ற வொட்ச்சர் கம்பைப் போட்டு மறித்தார். "பெர்மிஷன் இல்லாம ஹயர் கார் உள்ள விட முடியாதுங்க. மானேஜர் தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். பேரு பிலோமினா. கம்பத் தூக்குங்க."

தூக்கினார்.

திரும்பி வரும்போது விஜியின் தலை என் மடியில். கால் வீங்கிக்கொண்டு வந்தது. கீழே ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற போக்கு ஒன்றின் மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அக்கா வேகத்தைக் குறைத்து, ஃபர்ஸ்ட் கியரில் இறக்கினார். தண்ணீர் பொனட்டுக்குள் அடிக்கிற சத்தம் கேட்டது. நான் விஜியின் முகத்தைப் பார்க்கவில்லை... என்ஜினையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவைகூட இருமவில்லை.

டொக்டர் நேரத்துக்கு ஊசி போட்டார். விஜி பிழைத்தாள். இன்றும் கொழுந்து எடுக்கிறாள்.

மறுநாள் தோட்டத்து ஆபீசில் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வெளியே வந்ததும், "என்னக்கா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இனியும் அப்படித்தான் வருவேன்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு எத்தனை பேரை அப்படி ஆஸ்பத்திரிக்கு இறக்கினார் என்று அந்தந்த லயத்து வீடுகளில் கேளுங்கள். சொல்வார்கள்.

நாளை பிற்பகல் மூன்று மணிக்கு, மேல் டிவிஷன் மாதா கோவிலில் பூசை. பிறகு அடக்கம். எனது கராஜ் மூடியிருக்கும்.

விஜி இப்போதே கோவிலில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

போய் வாங்க, பிலோ அக்கா.