பயணி இருக்கையில் ஒரு டிரைவர்

டிப்போவில் எல்லோரும் அவரை 'நிதானம்' என்றே கூப்பிட்டார்கள். முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் மட்டும் அவருக்கு அந்த நிதானம் போய்விடும். டாக்சியில் ஏறினால்கூட, "சிக்னல் விழுதுப்பா, பார்த்து" என்று பின்சீட்டிலிருந்தே பாதி வண்டியை ஓட்டிவிடுவார்.

மகள் கல்யாணமாகி வெகுதூரத்தில் இருந்தாள். மனைவி மூன்று முறை தனியாகப் போய் வந்துவிட்டாள். இவரோ ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொன்னார். ஒருநாள் போனில் மகளிடம் கேட்டார்:

"அப்படி எவ்வளவு தூரம்தான்மா இருக்கும்?"

"எட்டாயிரம் கிலோமீட்டர்ப்பா. நேரா பறந்தா பத்து மணி நேரம். நடுவுல ஒரு ஊர்ல மாறணும், அதனால பதினஞ்சு ஆயிடும்."

"எட்டாயிரமா! என் ரூட்டுல அது ஒன்றரை மாச ஓட்டம்டி."

நான்காம் முறை போயிருந்தபோது மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். மகள் போனில் அழுதாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. பேத்தியை யார் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது என்று தெரியவில்லை. இவர் யோசிக்கவே இல்லை. "டிக்கெட் போடும்மா" என்றார்.

முதல் விமானத்தில் கைப்பிடியை விடாமல் பிடித்தபடியே போனார். இரண்டாவது விமானம் ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே தூக்கிப் போட ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில், தங்கையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்மணி சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என்னங்க ஆகுது?"

அவருக்கும் பயம்தான். ஆனாலும் காது தன் வேலையைச் செய்தது. என்ஜின் சத்தம் இறங்கியிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. ரோடு சரியில்ல, வேகத்தைக் குறைச்சிட்டாரு. நல்ல டிரைவர்."

வேறொருவரை நல்ல டிரைவர் என்று அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் அவருக்கே மூச்சு சீரானது. ஆட்டம் அடங்கியதும், முதல் விமானத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய சாப்பாட்டை இதில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு அசந்து தூங்கினார்.

சக்கரம் தரையைத் தொட்டபோது அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. பக்கத்துப் பெண்மணி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, நீங்களும் பிரேக் போட்டீங்களா?"

"சும்மா ஒரு ஒத்தாசைக்கு" என்றார், கொஞ்சம் வெட்கத்துடன்.

மகள் வீட்டில் மனைவி கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கால் ஒடிஞ்சாதான் வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ ஒடிச்சிருப்பேன்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல."

மறுநாளிலிருந்து பேத்தியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது அவர் வேலையானது. சமையலிலும் கை வைத்தார். உப்பு கூடுதல் என்று வீட்டில் தினமும் புகார்தான். கட்டுப் பிரித்த அன்று மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். திரும்பி வந்ததும் அவர் மகளிடம் சொன்னார்:

"ஊருக்கு டிக்கெட் போடுறப்ப ரெண்டு சீட்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கட்டும்மா. ஜன்னல் உங்கம்மாவுக்கு."