ராசி எண் பார்த்து வாங்கிய கார்புரேட்டர்

உமாமகேஸ்வரிக்கு அறுபத்திரண்டு வயது, சிங்கப்பூரின் பிடோக்கில் ஒரு மூவறை வீடு, இரண்டு முட்டியிலும் வலி. கடவுள் மட்டும் கிடையாது.

வேலை பார்த்ததெல்லாம் ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேன் பணிமனையில். சேர்ந்த புதிதில் அவரை ஸ்பார்க் பிளக் துடைக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். பெண்பிள்ளை வேனுக்கு அடியில் போனால் பார்க்க நன்றாக இருக்காதாம். பிளக்கின் கரியைப் பார்த்தே எந்த வேனுக்கு என்ன நோய் என்று சொல்லக் கற்றுக்கொண்டார் உமா. அதன் பிறகு நன்றாக இருக்காது என்று சொன்னவர்களே அவரை அடியில் போய்ப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

ஒருமுறை சாமி ஊர்வலத்துக்குக் கிளம்பிய லாரி பாதி வழியில் நின்றுவிட்டது. உமாவைக் கூப்பிட்டார்கள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் ஒதுக்குப்புறமாக வந்து, “தப்பா நெனச்சுக்காதம்மா, அந்த மூணு நாள் இல்லையே?” என்றார். உமா ஸ்பானரை அவர் கையில் திணித்தார். “உங்களுக்கு எந்த மாசமும் இல்லையே, நீங்களே பாத்துக்குங்க.” அன்று சாமி நடுரோட்டில் வெகுநேரம் காற்று வாங்கியது.

இப்படிப்பட்டவருக்கு இராமசாமி என்று ஒரு தம்பி. தேக்காவில் மாலைக்கடை, பக்கத்திலேயே கல்யாண அலங்காரத் தொழில். நெற்றியில் மூன்று பட்டை, விரல்களில் நான்கு கல். போன வருடம் அறுபதுகளில் செய்த பெட்ஃபோர்ட் லாரி ஒன்றை வாங்கினார். மணமக்கள் பின்தட்டில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வதற்காம்.

“பூ சுத்தின லாரியில ஏறுனா வின்டேஜு. விடியக்காலையில மழையில நனைஞ்சுக்கிட்டு அதே பின்தட்டுல கட்டட வேலைக்குப் போறானே ஊர்லேருந்து வந்த நம்ம பையன், அவனுக்கு அது என்னடா?” என்று கேட்டார் உமா.

“அக்கா, கல்யாணத் தொழில்ல அரசியல் பேசாத லா.”

பேச்சு அதோடு முடிந்திருக்கும், லாரியின் எஞ்சின் வெடிக்காமல் இருந்திருந்தால். எஞ்சினின் இரும்பு பிளாக்கில் கை நுழையும் அளவுக்குப் பிளவு. ஆஸ்திரேலியாவிலிருந்து வேறொரு ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை வரவழைத்து, மாற்றுவதற்கு அனுமதியும் வாங்கினார். வந்த எஞ்சினில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் இல்லை, பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. லாரியின் பதிவோ அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஆய்வில் தேறாவிட்டால் லாரி நேரே பழைய இரும்புக்குப் போய்ச் சப்பளிந்துவிடும். இராமசாமி அக்காவைத் தேடி ஓடிவந்தார்.

உமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் ஆரிஃப் சுங்கை காடுட்டில் வைத்திருந்த பட்டறையில் வேலை தொடங்கியது. இரண்டாம் நாளே இராமசாமி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே சோற்றுக் குண்டான் அளவுக்கு, பளபளவென்று ஒரு நாலு வாய் கார்புரேட்டர். நிமிடத்துக்கு அறுநூறு கன அடி காற்று விடும் சாமான்.

“யார்ரா இதை வாங்கச் சொன்னது?”

“சிராங்கூன் ரோட்டுல ஒரு எண் கணித ஐயா இருக்காரு. எனக்கு ஆறுதான் ராசியாம். ஐந்நூறும் இருந்துச்சு. ஆகவே ஆகாதுன்னுட்டாரு.”

ஆரிஃப் எஞ்சினுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்க அங்கேதான் இடம் இருந்தது.

“சிலிண்டரே ஆறு இருக்குல்ல, அந்த ராசி பத்தலையா?” உமா பெட்டியின் மேலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டார். “மூணேகால் லிட்டர் எஞ்சின். ரெண்டு சுத்துக்கு ஒரு முழு மூச்சு. நாலாயிரம் சுத்து ஓட்டுனாலும் எரநூத்துச் சொச்சம் கன அடிக்கு மேல இழுக்காது. இவ்வளவு பெரிய வாயில காத்து நடந்துதான் போகும், ஓடாது. ஓடுற காத்துதான்டா பெட்ரோலை உறிஞ்சும். உன் ஐயா எப்பவாச்சும் எஞ்சினைப் பாத்திருக்காரா?”

“அவரு கார்ல வர்றாரு.”

“பூனையும் கார்ல வரும்.”

பெட்டி கடைக்குத் திரும்பிப் போனது. அளவான இரண்டு வாய் கார்புரேட்டர் வந்து உட்கார்ந்தது. உமாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தேக்கா கோப்பிக்கடையில் கண்டவரையெல்லாம் நிறுத்தி இந்தக் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். இராமசாமியை எதிரில் கண்டதும், “என்ன ஆறுமுகம், சௌக்கியமா?” என்றார்கள்.

அடுத்தது பொறி. ஆரிஃப், “எலக்ட்ரானிக் போட்டுரலாம்கா. உள்ள தேயறதுக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

“வேணாம். அது சாகும்போது சொல்லாமச் சாகும். தொட்டுத் தொட்டு விலகிப் பொறி கெளப்புற பாயிண்ட்டுன்னா இருமும், தும்மும், நாலு நாள் முன்னாடியே தெரிஞ்சிரும். உன் அலமாரியில ஒரு பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கெடக்குல்ல, அதக் குடு.”

புதுப் பாயிண்ட், புதுக் கண்டென்சர். பாயிண்ட்டின் இடைவெளியை மெல்லிய தகடு வைத்து அளந்தார். முடியளவும் பிசகவில்லை. எஞ்சின் முதல் திருப்பிலேயே உறுமியது. உமா தம்பியைப் பார்த்த பார்வையில் ஒரு மாநாட்டுத் தலைமையுரையே இருந்தது.

ஆய்வில் லாரி புகைச் சோதனையில் தோற்றது. எரியாத பெட்ரோல் புகையோடு அப்படியே வெளியே போகிறது என்றார்கள்.

“அறுநூறு போட்டிருந்தா…” என்று தொடங்கிய இராமசாமி, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார்.

உமா கார்புரேட்டரைக் கழற்றினார், பெட்ரோல் வரும் ஜெட்டைத் துளை சிறிதானதாக மாற்றினார். புகை குறையவில்லை. இன்னும் சிறிதாக்கினார். எஞ்சின் திக்கியது. மறுபடி கழற்றினார். மாதம் கரைந்துகொண்டிருந்தது. லாரிக்கு முன்பதிவு செய்திருந்த கல்யாண வீட்டார் இராமசாமியைப் போனில் குடைந்தார்கள். அவர் கல் மோதிரங்களை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார்.

“அக்கா, பொறியைப் பாத்தீங்களா?” என்றார் ஆரிஃப்.

“அதுல ஒண்ணும் இல்ல.”

“பாத்தீங்களான்னு கேட்டேன்.”

“நாப்பது வருஷமா வெக்கிற பாயிண்ட்டு. எனக்குத் தெரியாதா?”

“எண் கணித ஐயாவும் இதைத்தான் சொல்றாரு, நாப்பது வருஷ அனுபவம்னு.”

உமாவின் காது சிவந்தது. ஆரிஃப் பிளக் ஒயரில், பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை உமாவின் கையில் கொடுத்தார்.

பொறி ஒழுங்காக விழுந்தால் ஒவ்வொரு மின்னலிலும் சுழல் சக்கரத்தின் வெள்ளைக் கோடு ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிய வேண்டும். இங்கே கோடு சாமி வந்தவரைப் போல ஆடியது. உமா எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பிடித்து ஆட்டினார். கடகட. நின்ற எஞ்சினில் அவர் வைத்த இடைவெளி சரிதான். ஓடும்போது தேய்ந்த தண்டு அதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. வேறு எவர் கொண்டுவந்த சாமானாக இருந்தாலும் முதலில் ஆட்டித்தான் பார்த்திருப்பார். தான் கேட்டு வாங்கியது என்பதால் பார்க்கவில்லை. ஆராயாமல் நம்புகிறவர்களைப் பற்றித் தேக்காவில் தான் அடித்த கிண்டலெல்லாம் வரிவரியாக நினைவுக்கு வந்தது. நல்ல கிண்டல்கள், அதுதான் வலித்தது.

“எலக்ட்ரானிக் எவ்வளவு சீக்கிரம் கெடைக்கும்?” என்றார்.

ஆரிஃப் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்தார். “நான் சொன்ன அன்னைக்கே அண்ணே வாங்கிட்டாரு. நீங்க கத்துவீங்கன்னு எங்கிட்டக் குடுத்து வெச்சிருந்தாரு.”

வாசலில் நின்ற இராமசாமி, தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல வானத்தைப் பார்த்தார்.

உமா கத்தவில்லை. பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார், ஜெட்டுகளைப் பழைய அளவுக்கே மாற்றினார். இந்த முறை ஒவ்வொன்றையும் விளக்கு வைத்துப் பார்த்தார், ஆரிஃபையும் பார்க்கச் சொன்னார், தம்பியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கோடு அசையாமல் நின்றது.

பதிவு முடிவதற்குள் லாரி மறுபடி ஆய்வுக்குப் போய்த் தேறியது. இராமசாமி ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஏறி, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஏதோ ஒண்ணு நம்மளக் காப்பாத்திருச்சுக்கா.”

“ஆமா. பன்னெண்டு வோல்ட்டு.”

“கோப்பிக்கடையில இந்தக் கதையையும் சொல்லுவியா? பாயிண்ட்டு கதைய?”

ஓட்டுநர் இருக்கையில் இருந்த உமா பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார், பிறகு சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தார்.

“சொல்றேன். இன்னைக்கே சொல்றேன்” என்றார். “ஆனா என்னையப் பாத்துச் சிரிக்கிறவன் எவனா இருந்தாலும், மொதல்ல அவன் கையில கெடக்கிற சாமிக் கயித்த அவுக்கணும்.”

“அப்ப ஒருத்தனும் சிரிக்க முடியாது லா.”

“அதான்டா” என்று முதல் கியரைப் போட்டார். லாரி இருமாமல் ஆய்வுக்கூட வாசலைத் தாண்டியது.