மாடசாமி ஜீப்புக்குப் போட்ட பைப்

மாடசாமியிடம் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஜீப்பில்தான் போய் நிற்கும். நெய்வேலியில் ஜீப் மாடசாமி என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பெர்மனென்ட் ஆன நாளிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை நிலக்கரி மைன்ஸுக்குள் ஜீப்பில் அதிகாரிகளை இறக்கி ஏற்றுவதுதான் அவருக்கு வேலை. மழைக்காலத்தில் அந்தக் களிமண் பாதையில் வண்டியை இறக்க நெஞ்சுரம் வேண்டும். அது அவரிடம் இருந்தது. அதைப் பற்றிய பெருமை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

முந்தின ஷிஃப்ட் டிரைவர் கம்பெனி ஜீப்பைத் தினமும் குவார்ட்டர்ஸ் வாசலுக்குக் கொண்டுவந்து அவரை ஏற்றிக்கொண்டு போவார். அவர் மனைவி பார்வதி கேட்டைப் பிடித்துக்கொண்டு அது திரும்புகிறவரை பார்த்து நிற்பாள். குடும்பத்தை அதில் ஏற்றக் கூடாது என்பது சட்டம். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் அவள் ஆசையாகக் கேட்டபோது, "ரிட்டயர் ஆகட்டும் பார்வதி, சொந்த ஜீப்பே வாங்கி ஒன்ன ஊரெல்லாம் சுத்திக் காட்டுதேன்" என்றார். ரிட்டயர் ஆனதும் சொன்னபடியே வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, ஆள் உயரம், தடித்த டயர். வடலூரில் கட்டிவைத்திருக்கிற வீட்டுக்கும் டவுன்ஷிப்புக்கும் நடுவே தார் ரோட்டில் ஓட்டுவதற்கு இந்தப் பூதம் எதற்கு என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டார்.

வண்டிக்கு இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே கம்பி போட வேண்டும் என்று வடலூர் ரோட்டில் கொளஞ்சிநாதன் கடைக்குப் போனார். கொளஞ்சிநாதன் மூன்று தினுசு எடுத்துக் கீழே போட்டான். ஒன்று ரப்பர் ஒட்டிய அகலப் படி. இன்னொன்று பைப்பில் கதவுக்கு ஒன்றாகச் சின்னப் படி தொங்குவது. மூன்றாவது, படியே இல்லாமல் பாடியின் அடி ஓரத்தை ஒட்டி ஓடுகிற கனத்த இரும்புப் பைப். கல்லோ கட்டையோ மோதினால் கதவுக்கு அடியில் நசுங்காமல் தாங்கிக்கொள்வது அது.

"சார், அகலப் படியே போட்டுக்கினு போங்க. எல்லாரும் அத்ததான் கேக்குறாங்க. வண்டி நல்ல ஒசரங்க" என்றான் கொளஞ்சிநாதன்.

மாடசாமி குனிந்து அந்தப் படியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "இது என்னத்துக்கு ஆகும்? ஒரு குழியில எறங்குனா மொதல்ல இதுதான் தரையில இடிச்சுப் பிச்சிக்கிட்டுப் போவும். மைன்ஸ்ல நான் பாக்காததா?"

"குழிக்கு எங்கங்க போவப் போறீங்க? வூட்ல அம்மா ஏறி எறங்கணும்ல? அட்லீஸ்ட் தொங்குறதாவது போடலாம். ஏறப்போறது யாருன்னு சொல்லுங்க, அதுக்கேத்தாப்ல போட்டுத் தரேன்."

"ஓட்டப்போறது நான்தான்யா" என்றார் மாடசாமி. கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அது அவருக்கு உறைக்கவில்லை. அவர் கண்ணில் அப்போது நின்றது அடைமழையும் அடிவயிறு வரை சேற்றில் அமிழ்ந்த கம்பெனி ஜீப்பும்தான். அவர் ஏற்றிப் பழகிய அதிகாரிகள் ஒரே எட்டில் தாவி உட்காருகிறவர்கள். பாடியோடு ஒட்டிய பைப்பையே போடச் சொன்னார். கொளஞ்சிநாதன் ஸ்பேனரை எடுத்தான். அவனும் எத்தனை மைன்ஸ்காரர்களைப் பார்த்திருப்பான்! பைப் அழகாகத்தான் உட்கார்ந்தது. மாடசாமி அதன்மேல் கையை ஓட்டிப் பார்த்து, பார்வதிக்குக் காட்டவென்று போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

பார்வதியின் முழங்கால் அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். தைலத்தின் வாசனை தெரியும், மாத்திரை தெரியும். சமையற்கட்டிலிருந்து வாசலுக்கு வர அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை மட்டும் அவர் கவனித்ததில்லை. அவர் வீட்டில் இருந்த நேரமெல்லாம் தூங்கிய நேரம்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற நாள் நெருங்கியது. சாமான்களை லாரியில் முதலிலேயே அனுப்பியாயிற்று. "கடைசி அன்னைக்கு நேரா வடலூர் போக வேண்டாம்ங்க" என்றாள் பார்வதி. "ஊரை ஒரு சுத்து சுத்திட்டுப் போவோம். நான் சொல்ற வழியிலதான் ஓட்டணும்."

"உத்தரவு" என்றார் மாடசாமி. அவருக்கே உற்சாகம் தாங்கவில்லை. காலையிலேயே வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தினார்.

பார்வதி பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து வந்தாள். பக்கத்து வீட்டு விஜயகுமாரியும் வழியனுப்ப வந்து நின்றாள். அதுவரை அவள் அந்த வண்டியில் ஏறிப் பார்த்ததில்லை. கதவைத் திறந்த பிறகுதான் மாடசாமிக்கு விஷயமே தெரிந்தது. இருக்கை அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. கால் வைக்க இடமில்லை. பார்வதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள், பாதி தூரம்கூடப் போகவில்லை. விஜயகுமாரி ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தாள். அதில் ஏறி நின்றும் முழங்கால் பாரம் தாங்கவில்லை. நடுவில் கால் ஊன்றிக்கொள்ள எதையோ தேடிய பாதம் அந்தப் பைப்பில் பட்டு வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பில் இரும்பு இடித்தது. விஜயகுமாரி பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

"நான் தூக்கி வைக்கேன்" என்று மாடசாமி கிட்டே வந்தார்.

"சும்மா இருங்க, எல்லாரும் பாக்காங்க." தெரு முழுக்க வாசலில் நின்றது உண்மைதான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் மாடசாமியால் இன்றுவரை மறக்க முடியவில்லை. "நான் ஆட்டோவுல வாரேன். நீங்க பின்னாலயே வாங்க."

"ஆட்டோவுலயே சுத்திட்டுப் போவோமா?"

"வேண்டாம். கால் வலிக்கி. வீட்டுக்கே போயிரலாம்."

ஆட்டோ முன்னே போயிற்று. குத்துவிளக்கை மடியில் வைத்துக்கொண்டு பார்வதி ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். பின்னால் அத்தனை பெரிய வண்டியில், பக்கத்து இருக்கை காலியாக, மாடசாமி வந்துகொண்டிருந்தார். முந்திப் போகவும் முடியாமல் விட்டுப் பிரியவும் முடியாமல் வடலூர்வரை அந்த ஆட்டோவின் புகையைக் குடித்துக்கொண்டு ஓட்டினார். வாழ்க்கையில் எத்தனையோ மோசமான பாதைகளில் வண்டி ஓட்டியவருக்கு அந்த நல்ல தார் ரோடு போல ஒன்று வாய்த்ததில்லை. வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாளே கொளஞ்சிநாதன் கடை வாசலில் நின்றார். அவன் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. "வுடுங்க சார், கழட்டிட்டு அகலப் படி போட்டுடுவோம். டீ குடிச்சிட்டு வாங்க, முடிஞ்சிரும்" என்றான். அவர் டீ குடித்துவிட்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது. இவ்வளவுதானா வேலை என்று படியைப் பார்த்தபடி நின்றார்.

பார்வதியின் காலில் வீக்கம் வடிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அவளை வற்புறுத்தி ஏற்றினார். படியில் கால் வைத்துச் சிரமமில்லாமல் ஏறிவிட்டாள். டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும், "ம், வழி சொல்லு" என்றார்.

"நீங்களே ஓட்டுங்க. உங்களுக்குத் தெரியாத வழியா?"

அவருக்குத் தெரிந்த வழியில் ஓட்டினார். பழைய குவார்ட்டர்ஸ் வந்தது. கொடியில் யாரோ ஒரு குழந்தையின் சட்டைகள் காய்ந்தன. கேட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாதீங்க. அடுத்தவங்க வீட்ட எட்டிப் பாக்குறது நல்லாவா இருக்கும்?"

அடுத்த முக்கில் திரும்பினார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு என்ன காட்டணும்னு நினைச்ச?"

"பெருசா ஒண்ணுமில்ல. நம்ம பொண்ணு உமாராணி வயித்துல இருக்கும்போது வலி வந்துச்சே, நீங்க ஷிஃப்டுல இருந்தீங்க. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். நடுவுல ஒரு வேப்பமரத்தப் பிடிச்சிக்கிட்டு நின்னேன், அந்த மரம். அப்புறம், மைன்ஸுல மண் சரிஞ்சிருச்சுன்னு பேச்சு வந்து, நீங்க வர்றவரைக்கும் நான் நின்ன முக்கு. இப்படி. நீங்க இந்த ஊர மைன்ஸுக்குள்ள இருந்துதான பாத்தீங்க. நான் இருந்த ஊர உங்களுக்குக் காட்டணும்னு இருந்தேன்."

மாடசாமி பிரேக்கை மிதித்தார். வண்டியை ஓரம் கட்டினார். "இப்ப காட்டேன் பார்வதி. எந்த மரம்? எவ்வளவு தூரம்னாலும் போவோம்."

அவள் கண்ணாடிக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தாள். தேடுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

"அன்னைக்குச் சொல்லணும்போல இருந்துச்சு" என்றாள். "இப்ப அப்படி இல்ல. கோவமெல்லாம் இல்லங்க, நெசமாத்தான் சொல்லுதேன். அந்தா காய்கறிக் கடை இருக்கு. கொத்தமல்லி வாங்கிட்டு வீட்டுக்குப் போவோம்."

மாடசாமி அவசரமாக இறங்கி, அவளுக்குக் கைகொடுக்க வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். அதற்குள் பார்வதி படியில் கால் வைத்துத் தானே இறங்கி, கடையைப் பார்க்க நடந்துகொண்டிருந்தாள்.