கஞ்சி போட்ட இடுப்புத்துணி

பாளையங்கோட்டையில் தம்பி வீட்டு மொட்டைமாடி. தன் ஒரு மாதப் பிள்ளையின் இடுப்புத்துணியைத் தம்பி பட்டென்று உதறிக் காயப்போட்டான். அந்தச் சத்தம் என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ஆபரேஷன். கோர்ட் குமாஸ்தாவான அப்பா தன் பழைய வேட்டிகளைக் கிழித்து இடுப்புத்துணி ஆக்கினார். துவைத்ததும் அவர்தான். ஆற்றில் அலசமாட்டார், வாளியில் அலசி, தண்ணீரை வாழைக்கு ஊற்றுவார். முதல் நாள், கோர்ட்டுக்குக் கட்டும் வேட்டிக்குப் போடுகிற பழக்கத்தில், துணிகளுக்கும் கஞ்சி போட்டுவிட்டார். அப்பளமாக விறைத்த துணி இடுப்பில் பட்டதும் தம்பி வீறிட்டான்.

"ஏங்க, புள்ளத் துணிக்குமா கஞ்சி போட்டிய?" தையல் வலிக்க வலிக்க அம்மா சிரித்தாள்.

அப்பா அத்தனையையும் மறுபடி அலசி, கசக்கி, வெயிலில் போட்டார். எதிர்வீட்டுக்காரர் தெருவில் நின்று கேட்டார்: "என்ன வே, பீத்துணியெல்லாம் நீரா தொவைக்கீரு?"

அப்பா ஒரு துணியைத் தூக்கிக் காட்டினார். "உம்ம வேட்டி இவ்வளவு வெளுப்பா இருக்கா வே?"

அவர் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார்.

இன்று பக்கத்து மாடிக்காரர் தம்பியைக் கேட்டார்: "கடையில டயப்பர் கெடைக்கலையா தம்பி?"

தம்பி துணியை வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தான். "உங்க வேட்டி இவ்வளவு வெளுப்பா இருக்கா அண்ணாச்சி?"

அவரும் குனிந்து பார்த்தார்.

பைய படியேறி வந்த அப்பா, காய்ந்த துணி ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"கஞ்சி போடலல்லா? அப்ப என்னைய ஜெயிச்சிட்டலே!"