விளக்கின் மேல் ஒட்டிய கறுப்பு டேப்

என் காரை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. கார் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. அதைச் சுற்றி நாங்கள் அடித்த கூத்து இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் களக்காட்டிலிருந்து திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். காலை எட்டு மணிக்கு அவர் படுக்கையில் இருந்தாக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அதே படுக்கைக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார். பிந்தினால் பிந்திய நேரம் போனதுதான். பஸ் அவருக்கு ஆகாது. அந்தப் பழைய பெட்ரோல் காரை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

ஆயுத பூஜை கழிந்த மூன்றாம் நாள், ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி திக்கித் திணறியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஊர் மெக்கானிக்கிடம் விட்டேன். அவன் பானெட்டைத் தூக்கி, ஒரு வயரின் சாக்கெட்டைப் பிடுங்கி, கறுப்பு டேப்பால் சுற்றி ஓரமாகக் கட்டினான். வண்டி ஓடியது. விளக்கு அணையவில்லை.

"இது ஏன் இன்னும் எரியுது?" என்றேன்.

"சென்சாரு அண்ணாச்சி. அது இல்லாமலே ஓடும். அந்தக் காலத்து வண்டியில சென்சார் இருந்துச்சா? ஓடலையா?" என்றபடி அதே டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து விளக்கின் மேலேயே ஒட்டினான். "இப்ப எரியுதா?"

சீ! அலுவலகத்தில் கோப்புக் கோப்பாக அடுத்தவன் தப்பைத் தோண்டியெடுக்கிற நான், அவனிடம் பல்லைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் காலை ஏழே கால் இருக்கும், பத்தமடை பஜாரில் வாழைத்தார் லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. வரிசை நகரவில்லை. பின்சீட்டில் அப்பா நெஞ்சைத் தடவினார்.

"ஏலே, ஏசியப் போடுலே. வேக்காடு தாங்கல."

போட்டேன். எஞ்சின் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றது. சாவியைத் திருகத் திருகக் கறுப்புப் புகையும் பெட்ரோல் நாற்றமும்தான் வந்தன. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அமுக்கித் தீர்த்தார்கள். ஒரு பயலும் இறங்கவில்லை. ஒருவன் மட்டும் தலையை நீட்டி, "பழைய இரும்புக்குப் போட வேண்டியத ரோட்டுக்குக் கொண்டாந்துட்டீராவே?" என்றான். சிரிப்பு வேறு. அப்பாவின் கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளவென்றிருந்தன.

ஏசியை அணைத்து எஞ்சினை ஆறவிட்டு, ஒன்பது மணிக்குத்தான் வண்டி கிளம்பியது. ஏசி இல்லாமல் உருட்டிக்கொண்டே போய்ச் சேரும்போது மணி பத்து.

"இன்னைக்கு ரெண்டு மணி நேரந்தான் ஐயா. மிச்சத் தண்ணி உடம்புலதான் கிடக்கும்" என்றாள் நர்ஸ்.

அவர் உள்ளே கிடந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியனை வரவழைத்தேன். நரைத்த மீசைக்காரர். டேப் சுற்றிய சாக்கெட்டைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். காற்றுக் குழாயிலிருந்து விரல் நீள சென்சாரை உருவி என் முன்னால் நீட்டினார்.

"உள்ள முடி மாதிரி கம்பி தெரியுதா? அது சூடா இருக்கும். எஞ்சினுக்குப் போற காத்து அதக் குளிர வைக்கும். எம்புட்டுக் குளிருதோ, அம்புட்டுக் காத்து போகுதுன்னு கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கிட்டு அதுக்குத் தக்கன பெட்ரோல விடும். ஏசி போட்டா எஞ்சினுக்குப் பளு கூடும், அதையும் பாத்துச் சமாளிக்கும். நீங்க இதப் பிடுங்கிப் போட்டா பாவம், குத்துமதிப்பாத்தான விடும்?"

பிறகு கம்பியை வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளையாக அப்பியிருந்தது. கம்பியில் படாமல் ஓரத்தில் நகத்தால் சுரண்டி மோந்தார்.

"அண்ணாச்சி, இது விபூதிலா?"

விபூதிதான். பூஜையன்று காற்று வடிகட்டியைக் கழற்றித் துடைத்தவன் நான். அப்பா தட்டை நீட்டி, "எல்லாத்துக்கும் வைலே" என்றார். சக்கரத்துக்கு வைத்தேன், ஸ்டியரிங்குக்கு வைத்தேன். திறந்து கிடந்த குழாயைக் கண்டதும், வண்டி மூச்சு விடுகிற வழி இதுதானே என்று ஒரு கை அள்ளி உள்ளே ஊதினேன். கும்பிட வேறு செய்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மீசைக்காரர் ஏதோ ஸ்பிரே அடித்துக் கம்பியைச் சுத்தம் செய்து, சாக்கெட்டை மாட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எஞ்சின் அலுங்காமல் ஓடியது.

திரும்பும்போது அப்பா கேட்டார், "என்னலே கோளாறு?"

"அந்த மெக்கானிக் வயரப் பிடுங்கி விட்டுட்டான்பா."

பொய்யில்லை, பாதி உண்மை. அதுதான் இன்னும் அசிங்கம்.

"விளங்குவானாலே அவன்? ஒரு உசிரோட விளையாடுதான்!" களக்காடு வரும்வரை மூச்சு வாங்க வாங்க அவனைத் திட்டினார். ஒவ்வொரு தடவையும் "ஆமாப்பா" என்றேன்.

அன்று இரவு அவரால் படுக்க முடியவில்லை. தேங்கிய நீர் நெஞ்சை அடைத்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தே மூச்சு விட்டார். காலையில் என்னைக் கூப்பிட்டு விபூதித் தட்டை எடுத்து வரச் சொன்னார்.

"பூசி விடுலே. கொஞ்சம் சொகமா இருக்கும்" என்று கண்ணை மூடி நெற்றியைக் காட்டினார்.

கை கூசியது. பூசினேன்.