கயிற்றில் கை வைத்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தூத்துக்குடியில் ஓர் எம்.எல்.ஏ. வீட்டு வராந்தாவில் காத்திருந்தேன். புதுத் துறைமுக வேலை பற்றி அவரிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும். நாலு கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருப்பது எங்கள் தொழிலில் சகஜம்.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு பதினோரு பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் ஓர் ஓலைப் பெட்டி. பெட்டி நிறையச் சாளை மீன்.

உதவியாளர் எழுந்துகூட நிற்கவில்லை.

"மீனா? பின்வாசலுக்குப் போங்கம்மா. சமையல்காரர் பாப்பாரு."

"விக்க வரல தம்பி. அண்ணாச்சிக்குப் பங்கு கொண்டாந்திருக்கோம்."

"என்ன பங்கு?"

"அவுக வலை இழுத்த பங்கு."

உதவியாளர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். எனக்கு விஷயம் தெரியும்…

வேம்பார் போகிற வழியில் ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம். அங்கே கரைவலை இழுப்பார்கள். படகில் போய் வலையைக் கடலில் அரைவட்டமாக விரித்துவிட்டு, இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். நாற்பது ஐம்பது பேர் வேண்டும். கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் — வழிப்போக்கராக இருந்தாலும் — மீனில் பங்கு உண்டு.

அதோடு முடிந்ததா? இல்லை. பங்கு வாங்கியவர் அந்த வலைக்கு ஆள். கை குறைகிற நாளில் கூப்பிட்டால் வந்தாக வேண்டும். வராதவரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாதா கோயில் வாசலில் எல்லார் முன்னிலும் வைத்துக் கேட்பார்கள்.

தேர்தல் சமயத்தில் எம்.எல்.ஏ. அந்த ஊருக்குப் போயிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கயிற்றைப் பிடித்தார். படம் எடுத்தார்கள். பிடித்த பிடியிலேயே, "உங்க ஊருக்குப் பிரசவ ஆஸ்பத்திரி கொண்டாறேன்" என்றார். வலை கரைக்கு வருமுன் காரில் ஏறிவிட்டார்.

படம் எங்கள் பத்திரிகையில் வந்தது. 'மீனவரோடு மீனவராக' என்று அதன் கீழே வாசகம் எழுதியவன் நான்தான்.

ஆஸ்பத்திரி வந்தது. அதில் குறை சொல்ல முடியாது. மூன்று அறை, வராந்தா, அவர் பெயர் பொறித்த கல். ரிப்பன் வெட்டினார். நர்ஸ் மட்டும் வரவில்லை. பேப்பரில் ஒரு நர்ஸ் உண்டு. ஆள் 'டெபுடேஷனில்' எங்கோ டவுனில். பூட்டிய கதவுக்கு முன்னால் ஆடுகள் படுத்திருக்கின்றன.

பெட்டியோடு வந்தவர் பெயர் ரோசம்மாள். அவர் மகள் பிலோமினாவுக்கு முதல் பிரசவத்தில் வலி கண்டதும், மாட்டு வண்டியில் மெயின் ரோடு வரை வந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தை வழியிலேயே போய்விட்டது. இப்போது அவளுக்கு மறுபடியும் எட்டு மாதம் முடிந்திருக்கிறது.

எம்.எல்.ஏ. வெளியே வந்தார். பத்திரிகைக்காரன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் அகலமானது. ஓலைப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, கேமரா எங்கே என்று தேடினார். நான் கொண்டுபோகவில்லை.

"பங்க வாங்கிட்டீய அண்ணாச்சி. இனி நீங்க எங்க வலைக்கு ஆளு. கை கொறையுது, வாங்க" என்றார் ரோசம்மாள்.

"எங்கம்மா வரணும்?"

"ஆஸ்பத்திரிக்கு. கட்டடம் இருக்கு, நர்சு இல்ல."

"மனு குடுங்க, பாக்கேன்."

"ஆளுக்கொரு மனு குடுத்தோம். ஒண்ணொண்ணாக் காணாமப் போச்சு. அதான் மொத்தமா வந்துட்டோம்."

"அடுத்த வாரம் கண்டிப்பா—"

"வலை கடல்ல கெடக்கையில அடுத்த வாரம்னு யாரும் சொல்லமாட்டாவ. எம் மவளுக்கு நாள் நெருங்கிட்டு."

எம்.எல்.ஏ. பெட்டியைத் திருப்பி நீட்டினார். பதினோரு பேரில் ஒருவரும் கை நீட்டவில்லை. "குடுத்த பங்கத் திரும்ப வாங்குத வழக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு, வாசல் வேப்பமர நிழலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். எம்.எல்.ஏ. பெட்டியோடு நின்றார். மீன் தண்ணீர் வெள்ளை வேட்டியில் சொட்டியது.

"போலீசுக்குச் சொல்லவா?" என்றார் உதவியாளர், மெதுவாக.

"என்னன்னு சொல்லுவ? மீன் குடுத்தாவன்னா?" என்றார் எம்.எல்.ஏ.

அந்த நிமிஷம் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

ஆண்கள் யாரும் வரவில்லையா என்று ஓர் இளம்பெண்ணிடம் கேட்டேன். சிரித்தாள். "ஆம்பிளையாளு வந்தா கலாட்டான்னு வாசக் கேட்டப் பூட்டிருவாவ. நாங்க வந்தா மீன் விக்க வந்திருக்காவன்னு விட்டுருவாவ. விட்டாவல்லா?"

தெருவில் போன ஒருவர் நின்று, "என்ன சங்கதி?" என்றார். ரோசம்மாள் சொன்னார் — கயிறு, படம், பூட்டு, ஆடு, மகள். அடுத்தவர் நின்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோன பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஷிப்ட் முடிந்து வந்த மில் தொழிலாளர்கள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். எத்தனை முறை சொன்னாலும் அந்த அம்மாளின் பேச்சில் ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. இத்தனை வருஷ ரிப்போர்ட்டர் வேலையில் இப்படி ஒரு சாட்சியை நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டு மணிக்குமேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்குக் கூட்டத்தில் இருந்தவர்களே சொன்னார்கள். ஒரு ரிக்‌ஷாக்காரர் இரண்டு ஆடு கூடுதலாகச் சேர்த்துச் சொன்னார்.

கோஷம் இல்லை. கல் இல்லை. தெரு நிறைய ஆட்கள் வெறுமனே வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயிலில் மீன் நாற ஆரம்பித்தது.

எம்.எல்.ஏ. திருநெல்வேலியில் ஜில்லா சுகாதார ஆபீசுக்கு ட்ரங்க் கால் போட்டார். லைன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போட்டோவுக்குத்தான்யா கயித்தப் பிடிச்சேன்" என்றார்.

"தெரியும். அதற்குக் கீழே எழுதினவன் நான்தானே?" என்றேன்.

லைன் கிடைத்தது. கதவைத் திறந்து வைத்தே பேசினார். தெருவுக்கே கேட்டது. "இந்த வாரத்துக்குள்ள அந்த நர்சம்மா அங்கன இருக்கணும். இல்லேன்னா இவுக நாளைக்கு உங்க ஆபீசுக்கு மீன் கொண்டாருவாவ!"

யோசித்துப் பார்த்தேன். ஓட்டுப் போட்டதோடு நம் வேலை முடிந்தது என்று நாம் இருக்கிறோம். படம் எடுத்ததோடு தம் வேலை முடிந்தது என்று அவர் இருந்தார். இரண்டும் ஒரே தப்பு இல்லையா? நான் எழுதின வாசகம் அன்று பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும். அதை மெய்யாக்க இந்தப் பெண்கள் பஸ் ஏறி வர வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை அந்த ஊருக்குப் போனேன். நர்ஸ் முந்தின நாளே வந்துவிட்டார். முகத்தில் கோபம் இருந்தது. இருக்கட்டும், கூடவே டிரங்குப் பெட்டியும் வந்திருந்தது. சாவியைக் காணோம் என்று பூட்டைக் கல்லால் உடைத்திருந்தார்கள். பிலோமினா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் படியேறி வந்த ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தாள். முதல் நோயாளி.

கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரோசம்மாள் என்னைப் பார்த்துவிட்டார்.

"சும்மா நிக்கீயளே… வந்து கயித்தப் பிடிங்க!"

யோசித்தேன். வழக்கம் தெரிந்தவனுக்கு அந்தக் கயிறு சாதாரணமாகத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பிடித்தேன்.

என் பங்கு ஒன்பது சாளை. இனி அந்த நர்ஸ் ஒரு நாள் காணாமல் போனாலும், மாதா கோயில் வாசலில் என்னையும் நிறுத்திக் கேட்பார்கள்.