கட் ஆகாத போன்

மூன்று வாரம் ஆராய்ச்சி செய்து நான் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில், ஒரு அழைப்பைக்கூட என்னால் துண்டிக்க முடியாது. இதை ஒன்றரை வருடம் வெளியே சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் போன் விஷயத்துக்கு நான்தான் அத்தாரிட்டி. யாராவது போனோ டேப்லெட்டோ வாங்கப் போனால் கடையில் நின்றபடியே என்னைக் கூப்பிடுவார்கள். நாலு புத்தகம் படித்தவனுக்கு பிராசஸரும் ராமும் தெரியாமலா இருக்கும் என்று நம்புகிற குடும்பம். நானும் மறுத்ததில்லை.

கோளாறு இதுதான். பேசுவதற்குக் காதில் வைத்ததும் திரை அணையும். அது எல்லாப் போனுக்கும் உள்ள வழக்கம். காதிலிருந்து எடுத்தால் வெளிச்சம் திரும்ப வர வேண்டும். என்னுடையதில் வராது. தட்டினாலும் தடவினாலும் ஓரத்துப் பொத்தானை அமுக்கினாலும் கரிச்சட்டி மாதிரி கிடக்கும். எதிராளி வைத்தால்தான் எனக்கு விடுதலை. ரீஸ்டார்ட் செய்தேன். சேஃப் மோடில் போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை ஃபேக்டரி ரீசெட் செய்து, பாதிச் சொந்தக்காரர்களின் நம்பரை இழந்தேன். அதில் பெரிய வருத்தமில்லை. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் எல்லாம் என் மனைவிக்குக் கேட்கும். ஆகவே பேச்சு முடிந்ததும், "செரி, நீங்க வச்சிருங்கோ" என்று சொல்லப் பழகினேன். எதிராளி வைக்காமல் தான் வைக்காத பண்பாளன் என்று எனக்கு ஒரு பெயர்கூட ஏற்பட்டது.

அந்தப் பெயரைக் கெடுத்தவர் என் சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம். என்னைவிட ஆறு வயது இளையவர். சபையில் நீண்ட ஜெபத்துக்குப் பேர் போனவர். புது வீடு கட்டி, பிரதிஷ்டைக்கு, அதாவது குடிபுகும் ஜெபத்துக்கு, அழைக்கக் கூப்பிட்டார். பேசினோம். அன்றைக்கென்று "வச்சிருங்கோ" சொல்ல மறந்து, அவர் வைத்திருப்பார் என்ற தைரியத்தில் போனை மேசைமேல் போட்டுவிட்டு மனைவியிடம் சொன்னேன்:

"அது என்ன வீடா? பஸ் ஸ்டாண்டு கணக்கா கெட்டி வச்சிருக்கான். பிரதிஷ்டைக்கு அவனே ஜெபம் பண்ணுவான் பாரு. ஆமென் சொல்லதுக்குள்ள ஆண்டவருக்கே உறக்கம் வந்திரும்."

மேசையில் மல்லாந்து கிடந்த போன் அத்தனையையும் குலசேகரத்துக்குக் கடத்திவிட்டது.

பிரதிஷ்டை அன்று போதகர் ஜெபித்து முடித்ததும் சகலை எழுந்தார். "சுருக்கமா ஒரே வார்த்தை. ஆண்டவருக்கு உறக்கம் வருதுன்னு அண்ணாச்சி வெசனப்பட்டாரு" என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. நான் இரும ஆரம்பித்தேன். பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். "எல்லாரும் அவங்கவங்க பிளாட்பாரத்துல இருங்கோ. மார்த்தாண்டம் வண்டி பாயசத்துக்குப் பொறவுதான். அண்ணாச்சிக்கு ஜன்னல் சீட்டு குடுங்கோ!" சொல்லிக்கொண்டே என் இலையில் இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தார்.

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த மனிதர் என் சொந்த நகைச்சுவையை எடுத்து என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை. அதற்குப் பிறகு எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், "கடைசி பஸ் எப்ப அண்ணாச்சி?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் என் முதுகுக்குப் பின்னால் பேசுவதை ஒருமுறை என் காதால் கேட்க வேண்டும். கேட்டதை ஒரு நல்ல பந்தியில், பாயசம் வருகிற சமயம் பார்த்து, எடுத்துவிட வேண்டும். மன்னிப்பைப் பற்றி எங்கள் சபையில் வருடம் முழுக்கப் பிரசங்கம் உண்டு. நான் பின்வரிசையில் உட்கார்கிறவன், சரியாகக் கேட்காது.

ஆறு மாதம் பொறுத்தேன். ரப்பர் பால் உறைய ஊற்றி வைத்திருந்த பாத்திரத்தில் சகலையின் போன் விழுந்து, பாலோடு சேர்ந்து அதுவும் உறைந்தது. கொழுந்தியாளின் போனிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, நல்லதா ஒரு போன் சொல்லுங்கோ. நமக்கு இதொண்ணும் பிடியில்ல."

"கேமரா முக்கியமா, பேட்டரி முக்கியமா?"

"படமெல்லாம் என்னத்துக்கு? பேசணும், கேக்கணும். அம்புட்டுதான்."

"அப்படின்னா கண்ணை மூடிக்கிட்டு நான் வச்சிருக்கதை வாங்குங்கோ" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அதில் பேசலாம், கேட்கலாம். ஒரு தடவை தொடங்கினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து நாகர்கோவில் கடைக்குக் கூடவே போனேன். விற்கிற பெண் வேறொன்றைக் காட்டியபோது, அதன் டிஸ்பிளே கண்ணுக்குக் கெடுதல் என்றேன். கடைசியில் என் போன் மாடலையே வாங்கினார். "அண்ணாச்சிக்கு நம்ம மேல இம்புட்டு கரிசனமா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அப்பளத்தை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

மறுநாள் காலையே வேட்டையைத் தொடங்கினேன். கூப்பிட்டு மழையைப் பற்றி விசாரித்தேன். "செரி, வச்சிருங்கோ" என்றுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். டக். கட்டாகிவிட்டது. அதற்கு மறுநாள் பல்வலிக்கு மருந்து கேட்டேன். டக். அடுத்த நாள் அவர் வீட்டு நாயின் நலம் கேட்டேன். டக். ஒரே ஒரு நாள் வைப்பதற்கு அரை விநாடி தாமதமானது. "ஏட்டி..." என்று அவர் மனைவியைக் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. டக்.

ஏட்டி, என்ன? ஏட்டி, அந்தக் கிறுக்கன் மறுபடியும் கூப்பிட்டான் என்பதா? ஏட்டி, இவனுக்கு வேற வேலையில்லையா என்பதா? இரண்டு நாள் அந்த ஒரு சொல்லின் பின்னால் விதவிதமாக வாக்கியங்களைக் கோத்துப் பார்த்தேன். எல்லாமே நான் எழுதியவை என்பதால் எல்லாமே நன்றாக இருந்தன. ஆனால் பந்தியில் எடுத்துவிட ஒரிஜினல் வேண்டுமே.

ஒன்பதாவது அழைப்பில் அது நடந்தது. வாழைக்கு உரம் வைப்பது பற்றி, எனக்கு வாழையே இல்லாத நிலையில், விரிவாகக் கேட்டுவிட்டு, "வச்சிருங்கோ" என்றேன். டக் வரவில்லை. லைன் திறந்தே இருந்தது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பேச்சு மட்டும் இல்லை. ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. பொறுமை போய், பல்லைக் கடித்துக்கொண்டு முனகினேன்: "எதையாவது சொல்லித் தொலையேன்லே!"

"என்ன சொல்லணும் அண்ணாச்சி?" என்றார் சகலை, மிகவும் பணிவாக.

திரை கறுத்துக் கிடந்தது. வைக்கவும் முடியவில்லை. "ஒண்ணுமில்ல, வச்சிருங்கோ" என்று கெஞ்சினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வைத்தார்.

அன்று மதியமே போனைப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அதே மாடல் அவருக்கு ஒழுங்காகவும் எனக்குத் துரோகமாகவும் நடந்துகொள்வது எப்படி என்று தெரிய வேண்டும். அங்கே இருந்த பெண் போனை ஒரு தடவை சாய்த்துப் பார்த்தாள்.

"சாரே, இது வேற மாடலுக்குள்ள கிளாஸுல்லா? மேல இருக்க இந்தக் கறுத்த பட்டை சென்சாரை மூடிக் கெடக்கு. போன் என்ன நினைக்கும்? காதை இன்னும் எடுக்கல்லைன்னுதான் நினைக்கும்."

நகத்தால் நெம்பி, திரைமேல் ஒட்டியிருந்த கண்ணாடியை உரித்தாள். கூப்பிட்டுக் காட்டினாள். வெளிச்சம் வந்தது. சிவப்புப் பொத்தானும் தெரிந்தது. ஒன்றரை வருடம் கழித்து என் கையாலேயே ஒரு அழைப்பைத் துண்டித்தேன்.

"இதை ஒட்டினது ஆரு சாரே?"

"ஒரு மடையன்" என்றேன். பெட்டியைப் பிரித்த அன்றே ஆன்லைனில் தருவித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டியவன் நான்தான். மாடல் எண்ணில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், பெரிதுபடுத்தவில்லை.

ஆக, நான் என் சகலைக்கு மூன்று வார ஆராய்ச்சியின் பலனாக ஒரு முதல்தரமான போனைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் மனைவி தங்கையோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தாள். வந்தவள் என்னைச் சற்று நேரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"நீங்க தெனமும் கூப்பிட்டு நாயைக் கேக்கீங்களாம், வாழையைக் கேக்கீங்களாம். பேசி முடிச்ச பொறவும் வைக்காம லைன்லயே நிக்கீங்களாம். மனசுல உள்ளதை ஏதோ சொல்ல வாறீங்கன்னு இன்னைக்கு அவ வீட்டுக்காரரும் வைக்காம காத்திருந்தாராம். நீங்க என்னன்னா, எதையாவது சொல்லுன்னு அவரைக் கெஞ்சுனீங்களாம். அவ எங்கிட்ட கேக்கா: 'ஏன்க்கா, வீட்டுல அத்தான்கிட்ட ஆருமே பேசுறது இல்லியா?'"